வாரு பிடிக்குற இடத்த பாரு மக்களே

மக்களே, சாப்பிட்டியா. இஞ்ச எல்லாரும் சுகம். ரப்பர் இல உதுந்து கிடக்கு, வெட்டு இல்ல, அப்பா வீட்டுலதான், அவருக்க முட்டுவலிக்கும் அது நல்லதுதான். அக்கா ஞாயித்துக்கிழமை பிள்ளையளோட வந்தா. அவதான் சொன்னா, மே மாசம் நீ கூட்டுக்காரம்மாரோட ஹிமாச்சல் போறியாம், ட்ரோன் கொண்டு போக பேக் பாக்கியாம், நாலு போட்டோ அனுப்பி எது கொள்ளாம்னு அவகிட்ட கேட்டியாம். எனக்கு அனுப்பல. 22 வருசமா பேக் தைக்கேன், அக்காக்கு ஊசியில நூல் கோக்க தெரியாது, அவகிட்ட கேட்டிருக்க. சரி போட்டும். அவ போன்ல இருந்து நாலையும் எனக்கு அனுப்ப சொல்லி, ராத்திரி கண்ணாடி போட்டுட்டு பெருசு பண்ணி பெருசு பண்ணி பாத்தேன்.

மொத பேக்குல பாக்கெட்டு ரொம்ப இருக்கு, அத பாத்து மயங்காத. பாக்கெட்டு கூடுனா தையல் கூடும், தையல் கூடுனா தண்ணி எறங்குற வழியும் கூடும், கனமும் கூடும். பேக்க கையில எடுத்ததும் மொத வேல, வாரு பிடிக்குற இடத்த பாக்கணும். தோள்ல மாட்டுற வாரு மேல பேக்கோட சேருற இடம் இருக்குல்லா, அங்க உள்பக்கமா கைய விட்டு தடவிப் பாரு. ஒத்த வரி தையல்னா அப்பமே கீழ வச்சிரு. சதுரமா தைச்சு நடுவுல குறுக்க பெருக்கல் குறி மாதிரி போட்டிருக்கணும், அதுதான் இழுவைய தாங்கும். போட்டோல அது தெரியாது, எந்த கம்பெனிக்காரனும் அத போட்டோ எடுத்து போடவும் மாட்டான், அதனால கடையில போயி கையால தொட்டுப் பாத்து வாங்கு.

பிறகு ஜிப்பு. பெரிய அறைக்கு 8 நம்பர் இல்லன்னா 10 நம்பர் ஜிப்பு வேணும். 5 நம்பர்லாம் சின்ன பாக்கெட்டுக்கு உள்ளது. ரன்னர் ரெண்டு இருந்தா நல்லது, ஒண்ணு கெட்டாலும் மத்தத வச்சு மூடிட்டு எறங்கிரலாம். ரெண்டாவது போட்டோல உள்ள பேக்கு முதுகு பக்கமா திறக்குது, அது எனக்கு பிடிச்சுது. கீழ வைக்கும்பம் முதுகு படுற பக்கம் மேல இருக்கும், தொளியும் பனியும் மத்த பக்கத்துல ஒட்டிட்டு போவும், திரும்ப மாட்டும்பம் உனக்க சட்டையில ஈரம் படாது, ட்ரோனும் சட்டுன்னு கையில கிட்டும்.

எங்க எத வைக்கணும்னும் சொல்லுதேன், தெரியும்னு சொல்லுவ, ஆனாலும் கேளு. கனமான சாமான் முதுக ஒட்டி நடுவுல இருக்கணும். அடியில அடைச்சா பேக்கு பின்னால இழுக்கும், உச்சியில வச்சா பாறையில திரும்பும்பம் ஆள சாய்ச்சிரும். ட்ரோன் கேமராக்கு அந்த மூடிய போடாம ஒருநாளும் பைக்குள்ள வைக்காத, இறக்கைய மடக்கி கட்டி வை. தண்ணி பாட்டில் வெளிய. அந்த குழாய் வச்சு உறிஞ்சுற தண்ணிப் பை வேண்டவே வேண்டாம், ஒரு ஓட்டை விழுந்தா எல்லாம் போச்சு. மழைக்கு மேல போடுற உறைய நம்பாத, அது முதுகு பக்கத்த மூடாது, பேச்சிப்பாற மழையில உனக்க ஸ்கூல் பேக்கு எப்படி நனஞ்சுதுன்னு ஓர்மை இருக்கா, முதுகு வழியா எறங்குன தண்ணிதானே அது. உள்ள தனியா தண்ணி ஏறாத பை ஒண்ணு போட்டு அதுக்குள்ள வை.

இடுப்பு பெல்ட்டு இருக்கணும், அது இடுப்பு எலும்புல உக்காரணும், வயித்துல இல்ல. கடையில வெறும் பேக்க மாட்டிட்டு நல்லாருக்குன்னு சொல்லிராத. போகும்பம் 5 கிலோ அரிசி வாங்கிட்டு போயி உள்ள வச்சு, கால் மணி நேரமாவது நடந்து பாரு, கடைக்காரன் என்ன சொன்னாலும் சொல்லட்டு. நெஞ்சு பக்கத்து சின்ன பெல்ட்டையும் போடு. முக்கியமா வாரு. உள்ள கைவிட்டு பாரு, சதுரமும் குறுக்கும் இருக்கான்னு.

பேட்டரி காரியம் அக்கா மாப்பிள்ளை சொன்னாரு. ஃப்ளைட்டுல லக்கேஜ்ல போட விடமாட்டாங்களாம், கையில கொண்டு போற பையிலதான் வைக்கணும். சாவி சில்லறை கூட சேத்து போடாத, முனையில பட்டா சூடாயி தீ பிடிக்கும். அங்க குளுருல சார்ஜ் சட்டுன்னு எறங்கிரும், அதனால பறத்துறது வரைக்கும் ஜாக்கெட்டு உள்பாக்கெட்டுல உடம்பு சூட்டுல வச்சுக்கோ. காட்டுக்குள்ள பறத்துறதுன்னா அந்த ஊரு வனத்துறைகிட்ட கேட்டுட்டு பறத்து. நம்ம விளைய மேல இருந்து நீ எடுத்த வீடியோ இப்பமும் எனக்க போன்ல இருக்கு மக்களே, வரிவரியா ரப்பர் மரம், நடுவுல நம்ம ஓடு, கிணத்தடியில நான் பொட்டு மாதிரி நிக்கேன். நூல் வாங்குற கடையில எல்லாருக்கும் காட்டியாச்சு, எனக்க மோன் எடுத்ததுன்னு.

அப்படி எடுக்க தெரிஞ்ச பிள்ளைக்கு அம்மாக்கு ஒரு போன் விளிக்க நேரம் இல்ல. கிறிஸ்மஸ் லீவுக்கு வந்துட்டு போனதுக்கு பிறகு நாலே தடவ பேசியிருக்க, அதுவும் சாப்பிட்டேன், வேல இருக்கு, வைக்கேன். ஒக்கி புயல் அடிச்சு மரம் முழுக்க சாஞ்சு கரண்டும் போனும் இல்லாம கிடந்த 2017ல கூட எனக்கு இவ்வளவு வெப்ராளம் இல்ல, அப்பம் நீ பக்கத்துல இருந்த. அப்பா ஏசுனத மனசுல வச்சிருக்கியோன்னு நெனச்சேன். கண்டதையும் அடைச்சா வாரு அறுக்காம என்ன செய்யும், 48,000 ரூபாய பாறையில போட்டுட்டு வந்து நிக்கான்னு அவரு சொன்னப்பம் நீ ஒண்ணும் மிண்டல. முழங்கை தோலு உரிஞ்சு ரத்தம் காஞ்சு கிடந்துது, அத கூட கழுவாம, எனக்க தப்புதான்பான்னு சொல்லிட்டு உள்ள போன.

உனக்க தப்பு இல்ல மக்களே.

இத எழுதத்தான் உக்காந்தேன், எழுத வரல, அதுதான் ஜிப்பு நம்பர்லாம் சொல்லிட்டு இருக்கேன். நீ அந்த பேக்க கேட்டது சனிக்கிழமை. கடை பேக் எட்டாயிரம் சொல்லுகான், நீ தைச்சு தாம்மா, அம்மா தைச்சதுன்னு சொல்லிட்டு போடுவேன்னு சொன்ன. அந்த சந்தோசத்துல அண்ணைக்கு ராத்திரியே வெட்டி, ஸ்பாஞ்ச் வச்சு, லைனிங் கொடுத்து, வாரு மட்டும் பாக்கி. அடி நூல் தீந்துட்டு. மேல ஓடுற நைலான் நூல் இருந்துது, அடி நூல் சுத்துற பாபின்ல போட இல்ல. மறுநாள் ஞாயிறு, மார்த்தாண்டத்துல கடை இல்ல, திங்கக்கிழமை விடியக்காலம் நீ மருந்துவாழ்மலைக்கு போவணும். ஒரு நாள் பொறு மோனேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. ஜாக்கெட்டுக்கு வச்சிருந்த கறுப்பு பருத்தி நூல பாபின்ல சுத்தி, வாரு ரெண்டையும் அதுல பிடிச்சேன். சதுரமும் போடல, ரெண்டு வரி ஓட்டுனேன். மேல பாத்தா நைலான், நல்ல மினுக்கமா இருக்கும். அடியில உள்ளது யாருக்கும் தெரியாது, லைனிங் போட்டு மூடியாச்சு.

நீ கிழிஞ்ச பேக்கோட வந்த அண்ணைக்கு, அந்த வார எங்கிட்ட நீட்டி ஏன்மா இப்படி ஆச்சுன்னு கேட்டல்லா. பாத்த ஒடன எனக்கு தெரிஞ்சுட்டு. துணி கிழியல, வாரு கிழியல, அடி நூல்தான் விட்டிருக்கு, மேல் நூல் முழுசா உருவி தொங்குது. நான் என்ன சொன்னேன், பாறையில உரசி அறுந்திருக்கும்னு சொன்னேன். கள்ளம். அப்பா ஏசும்பமும் அடுப்படியில நின்னு கேட்டுட்டுதான் இருந்தேன். பள்ளிப் பிள்ளையளுக்கு தைக்குற பேக்குல கூட நான் பருத்தி நூல் போட்டது இல்ல மக்களே, எனக்க பிள்ளைக்கு போட்டேன். பேக்குதான் உருண்டுது, அத பிடிக்க சாடுன நீ இன்னும் ஒரு அடி வச்சிருந்தா என்ன ஆயிருக்கும், ராத்திரி கண்ண மூடுனா அந்த பாறைதான் வருது. நீ போன பிறகு லைனிங்க பிரிச்சு பாத்தேன், நூல விரலால இழுத்தா சட்டுன்னு அறுது, ஜாக்கெட்டு தைக்குற நூல் அவ்வளவு கனத்த எங்க தாங்கும். அந்த துண்ட மெஷின் டிராயர்ல வச்சிருக்கேன், எறிய மனசு வரல.

நேத்து அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் சொல்லல, வெளிய போயி ரொம்ப நேரம் நின்னுட்டு வந்தாரு. உன்ன விளிப்பாரு, எடு.

பேக்கு கடையிலயே வாங்கு, ரெண்டாவது போட்டோல உள்ளது, ஆனா கறுப்பு வேண்டாம், ஆரஞ்சு கலர் உண்டுன்னா அத எடு, பனியில தூரத்துல இருந்தும் கண்ணுல படணும். பணம் அக்கா கையில குடுத்திருக்கேன், வேண்டாம்னு சொல்லாத. வாரு பிடிக்குற இடத்த பாக்காம வாங்காத.

நாளைக்கு பார்சல் போடுதேன். ஏத்தங்காய் சிப்ஸ் இருக்கு, அதுக்கு அடியில துணியில சுத்தி பேட்டரிக்கு ஒரு சின்ன பை, மூணு அறை, மூணும் தனித்தனியா. மேலயும் அடியிலயும் நைலான் நூல்தான். லைனிங்கோட ஒரு பக்கத்த தைக்காம விட்டிருக்கேன், விரல விட்டு தடவிப் பாரு, ஊருக்கு வரும்பம் கொண்டா, உனக்க முன்னால வச்சு மூடித் தாறேன்.

அம்மா