படம் வரைந்தவருக்கும் பெயர் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க இயற்கை எழுத்தாளர் ரேச்சல் கார்சனைப் பற்றிய கட்டுரையோடு வந்த புகைப்படத்தின் கீழே ‘கார்சனும் உதவியாளரும், புளோரிடா, 1952’ என்று போட்டிருந்தீர்கள். கடல்நீரில் அவருடன் நிற்பவர் பாப் ஹைன்ஸ் என்ற ஓவியர். அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையில் கார்சன் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர்தான். அலுவலகக் கணக்கில் பார்த்தால் உங்கள் குறிப்பு பாதி சரி. ஆனால் கார்சன் எழுத ஹைன்ஸ் படம் வரைந்து 1955இல் வெளியான கடற்கரை நூல் ‘தி எட்ஜ் ஆஃப் தி சீ’யைப் புரட்டிப் பார்த்த எவருக்கும் ஹைன்ஸை உதவியாளர் என்று சொல்ல மனம் வராது.

கட்டுரை முழுக்கக் கார்சனின் ‘மௌன வசந்தம்’ நூல், அது சாடிய டிடிடி பூச்சிக்கொல்லி என்றே போகிறது. உலகை உலுக்கிய நூல், மறுப்பதற்கில்லை. (அதற்குப் படம் வரைந்த லோயிஸ், லூயி டார்லிங் தம்பதியையும் கட்டுரையில் காணோம்.) ஆனால் கார்சன் இயற்கையை எப்படிப் பார்த்தார் என்று தெரிந்துகொள்ளக் கடற்கரை நூலுக்குத்தான் போகவேண்டும். கரையோர உயிர்களை அடையாளம் காண்பதற்கான கையேடாகவே அது முதலில் திட்டமிடப்பட்டது. எழுத எழுத, அந்தச் சட்டகம் அவருக்குப் போதவில்லை. வெற்றுச் சிப்பியைக் கையிலெடுத்துப் பெயரைச் சொல்லிவிட்டால் கரையைப் புரிந்துகொண்டதாகாது. அதனுள் வாழ்ந்த உயிர் அலையையும் புயலையும் எப்படித் தாங்கியது, இரையை எப்படித் தேடியது என்பதெல்லாம் தெரியவேண்டும் என்று முன்னுரையிலேயே வாதிடுகிறார்.

இந்தப் பார்வைக்கு உருவம் கொடுத்தவர் ஹைன்ஸ். தானாகவே ஓவியம் கற்ற ஒஹாயோக்காரர். வேட்டையும் தூண்டிலும் பழகியவர். அமெரிக்காவில் வாத்து வேட்டைக்காரர்கள் அரசிடம் வாங்கவேண்டிய முத்திரையில், 1946ஆம் ஆண்டுக்கானதில் இருப்பது அவர் வரைந்த படம். பறவை வரைந்த அந்தக் கை, கார்சனோடு சேர்ந்த பிறகு நண்டுக்கும் நத்தைக்கும் கடற்பாசிக்கும் இறங்கிவந்தது. கடல் வற்றும் நேரம் பார்த்து இருவரும் பாறைக் குட்டைகளில் தேடுவார்கள். பிடித்தவற்றை உயிரோடு வைத்து ஹைன்ஸ் வரைவார். வேலை முடிந்ததும் அவை மீண்டும் கடலுக்கே போய்விடும். மெய்ன் மாநிலத்துக் குளிர்நீரில் நின்று நின்று கார்சனுக்கு உடல் மரத்துப்போக, ஹைன்ஸ் அவரைத் தூக்கிக்கொண்டு கரையேறியதும் உண்டு.

அந்த உழைப்பு படங்களில் தெரிகிறது. உயிரினம் மட்டும் தனியாக வெள்ளைத்தாளில் கிடப்பதில்லை. பல படங்களில் அது பற்றியிருக்கும் பாறையும் ஒளிந்திருக்கும் மணலும் சேர்ந்தே வருகின்றன. இடத்தை விட்டுப் பிரித்தால் உயிர் விளங்காது என்று கார்சன் பத்தி பத்தியாக எழுதியதை, பக்க ஓரத்தில் இருக்கும் சிறு பென்சில் படம் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. பின்னிணைப்பில் உள்ள வகைப்பாட்டுப் படங்கள் சற்று வறண்டவைதான், பாடநூல் வாடை அடிக்கும். அங்கே பழைய கையேட்டுத் திட்டம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறேன்.

1952இல் கார்சன் அரசு வேலையை விட்டார். ஹைன்ஸ் துறையிலேயே தொடர்ந்தார். மேலதிகாரி என்ற உறவு முடிந்த பிறகும் அவருடைய நூலுக்கு வரைந்து கொடுத்தார்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். கூடவே ஹைன்ஸின் படம் ஒன்றையும் வெளியிடலாமே! அனுமதி கேட்டு அலையவேண்டியதில்லை. அவர் அரசுப் பணியில் வரைந்த கோட்டோவியங்கள் பல, அந்தத் துறையின் சேகரிப்பில் பொதுச்சொத்தாகவே கிடைக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தூத்துக்குடி