பாட்டிலின் அடியில் கிடப்பது கண்ணாடி இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கம்பத்திலிருந்து எழுதுகிறோம். வழக்கமாக அறுப்பு முடிந்ததும் "சாறு தயார், யாருக்கு எத்தனை பாட்டில்?" என்று இரண்டு வரி அனுப்புவதோடு சரி. இந்த முறை நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. காரணம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அந்த வீடியோ எங்களுக்கு வருவதற்கு முன்பே உங்களுக்கு வந்திருக்கும்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். சென்னையில் ஒரு சகோதரி நம் பன்னீர் திராட்சைச் சாற்றை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்து, சில வாரம் கழித்து எடுத்திருக்கிறார். பாட்டிலின் அடியில் மினுமினுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. செல்போன் டார்ச்சை அடித்து, "பாருங்க, கண்ணாடித் தூள்! இதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்" என்று படம் பிடித்து, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அங்கிருந்து அது ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் உத்தமபாளையத்தில் இருக்கும் எங்கள் சின்னம்மா வழியாக எங்களுக்கே வந்து சேர்ந்தது.

அந்தச் சகோதரிமேல் எங்களுக்குக் கோபம் இல்லை. பிள்ளை குடிக்கிற பொருளில் பளபளவென்று ஏதாவது கிடந்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். பணத்தை அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். அந்தப் பாட்டிலை மட்டும் எங்களுக்கு அனுப்பி வையுங்கள் என்று கேட்டோம். அதற்குள் அது குப்பைக்குப் போய்விட்டது. கையில் இருந்திருந்தால் இந்த மடல் இன்னும் சின்னதாக இருந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறோம். அது கண்ணாடி இல்லை. திராட்சையிலேயே இருக்கிற உப்பு.

திராட்சைக்குப் புளிப்பைக் கொடுப்பது டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் அதேதான். திராட்சையில் பொட்டாசியமும் நிறைய. இரண்டும் சேர்ந்து உண்டாகும் உப்பு சூட்டில் நன்றாகக் கரையும், குளிரில் கரையாது. வெதுவெதுப்பான அறையில் 100 மில்லி தண்ணீரில் அரை கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும், கொதிக்கிற தண்ணீரில் அதுபோலப் பத்து மடங்கு கரையும். நாங்கள் சாற்றைச் சூடாக அடைக்கிறோம், நீங்கள் ஃபிரிட்ஜில் வைக்கிறீர்கள். பாகு ஆறும்போது சீனி பூத்து வருவதுபோல, அந்த உப்பு மெல்ல மெல்லப் படிகமாக இறங்குகிறது. நிற்க வைத்த பாட்டிலில் அடியிலும், படுக்க வைத்த பாட்டிலில் பக்கவாட்டிலும் ஒட்டியிருக்கும். சாற்றின் நிறத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்வதால் ஊதாவாகத் தெரியும். டார்ச் அடித்தால் மின்னும்.

வெளிநாட்டில் வைன் குடிக்கிறவர்களுக்கு இது பழகிய சங்கதி. பாட்டிலின் கார்க்கில் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு ஊற்றிக்கொள்வார்கள். கேக் செய்கிறவர்கள் வாங்கும் 'கிரீம் ஆஃப் டார்டார்' இதே உப்பைச் சுத்தம் செய்து பொடியாக்கியதுதான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். அடியில் இருப்பதில் ஒரு சிட்டிகையைக் கரண்டியால் எடுத்து, ஒரு டம்ளர் கொதிநீரில் போட்டுக் கலக்குங்கள். சற்று நேரத்தில் காணாமல் போகும். கண்ணாடி எந்தக் காலத்திலும் கரையாது. இன்னொரு சிட்டிகையைக் கொஞ்சம் தண்ணீரில் போட்டு ஆப்பச்சோடா தூவினால் நுரைக்கும். கண்ணாடி நுரைக்காது. குடித்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது, நாக்கில் புளிப்பாக மணல் பட்டது மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பிடிக்காவிட்டால் டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள்.

"கடையில் விற்கிற ஜூஸில் இது வருவதில்லையே?" என்று மதுரையிலிருந்து ஒரு ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய கம்பெனிகள் சாற்றைப் பெரிய தொட்டிகளில் உறைநிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் வைத்து, உப்பு முழுவதும் இறங்கிய பிறகு வடித்து அடைக்கிறார்கள். அதற்குக் குளிர் அறை வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். எங்களிடம் இருப்பது இரண்டரை ஏக்கர் பந்தலும் இரண்டு அண்டாவும்தான்.

பாட்டில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம், இல்லாவிட்டால் மனசு ஆறாது. ஒவ்வொரு பாட்டிலையும் வெந்நீரில் அலசிக் கவிழ்த்து வைத்து, நிரப்புவதற்கு முன் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கிறோம். வாய்ப்பகுதியை ஈரத்துணியால் சுற்றித் துடைக்கும்போது சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் துணி மாட்டும். மாட்டினால் அந்தப் பாட்டில் ஓரமாகப் போய்விடும். எங்கள் அம்மாதான் இன்றைக்கும் அந்த வேலையைச் செய்கிறார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அந்த வீடியோவை அவருக்கு நாங்கள் காட்டவில்லை. யாரோ காட்டிவிட்டார்கள்.

அதைவிட உறுத்தியது வீடியோவுக்குக் கீழே வந்த ஒரு பதிவு: "இது திராட்சையே இல்லை, எசன்ஸும் கலர் பொடியும்." வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் "இந்த முறை கலர் கம்மியா இருக்கே தம்பி" என்று கூப்பிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். கலர் போடுகிறவன் கம்மியாகவா போடுவான்?

பன்னீர் திராட்சையின் நிறம் தோலில் இருக்கிறது. சதையில் நிறமே கிடையாது. பழத்தை உதிர்த்து நசுக்கி, தோலோடு சேர்த்து மிதமான சூட்டில் வைத்தால்தான் நிறம் சாற்றுக்கு இறங்கும். அதிகம் சூடாக்கினால் வாசனை போய்விடும். கொட்டை நசுங்கினால் துவர்ப்பு ஏறும். ஒரே குலையில் கறுத்த பழமும் சிவந்த பழமும் இருப்பது இந்த ரகத்தின் இயல்பு. மழையில் பழுத்த குலையில் நிறம் இன்னும் வெளுக்கும். இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. கால் டம்ளர் சாற்றில் ஆப்பச்சோடா ஒரு சிட்டிகை போடுங்கள். சிவப்பு மாறி நீலமும் பச்சையும் கலந்த ஒரு மாதிரியான நிறம் வரும். எலுமிச்சை பிழிந்தால் மறுபடி சிவப்புப் பக்கம் திரும்பும். பழத்தின் இயற்கை நிறம் அப்படித்தான் நடந்துகொள்ளும். கலர் பொடி அவ்வளவு சுலபமாக மாறாது. சோதித்த டம்ளரைக் குடிக்க வேண்டாம், வாய்க்கு விளங்காது.

திறந்த பாட்டிலில் ஒரு வாரம் கழித்து 'புஸ்' என்று காற்று வருகிறது என்றும் சிலர் சொன்னார்கள். நாங்கள் பதப்படுத்தும் மருந்து எதுவும் சேர்ப்பதில்லை. சூடு காட்டி அடைப்பது மட்டும்தான். திறந்தபின் காற்றில் இருக்கிற ஈஸ்ட் உள்ளே போய் இனிப்பைத் தின்ன ஆரம்பிக்கும். அதனால்தான் திறந்தால் ஃபிரிட்ஜில் வைத்து ஐந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள் என்று லேபிளில் போட்டிருக்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு கூட்டம் "அப்படியே விட்டு வைனாகவே கொடுங்களேன்" என்று கண்ணடிக்கிறது. டிசம்பர் வந்தால் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. பழம் என்னவோ அதற்கும் ஏற்றதுதான். ஐரோப்பாவில் மஸ்கட் ஹாம்பர்க் என்று வளர்க்கிற ரகம் இது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்கும் உரிமை 2003-லிருந்து டாஸ்மாக்குக்கு மட்டும்தான். உரிமம் இல்லாமல் வைன் போட்டு விற்றால் எங்களைப் பார்க்க நீங்கள் தேனி கோர்ட்டுக்குத்தான் வரவேண்டும். ஆகவே சாறு மட்டுமே.

அப்புறம், இந்த முறை ஏன் பலருக்குக் கேட்ட அளவு கிடைக்கவில்லை என்பது. ஐப்பசி, கார்த்திகை மழைதான். குலை பழுக்கிற நேரத்தில் விடாமல் பெய்தால் பழம் தண்ணீரை உறிஞ்சி வெடித்துவிடும். வெடித்ததில் ஈ மொய்க்கும், பக்கத்துப் பழமும் அழுகும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும் அடிச்சாம்பல் நோயும் இந்த ஈரத்தில்தான் வரும். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர் என்று போர்டோ கலவை என்கிற பூஞ்சை மருந்தைக் கலந்து அடித்துப் பார்த்தோம். அடித்த மறுநாளே மழை கழுவிவிட்டால் என்ன செய்வது? மேகமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தாலே அப்பா வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார். பந்தலுக்குக் கீழே நடந்தால் காலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது, அவ்வளவு பழம் உதிர்ந்து கிடந்தது.

அறுத்துப் பொறுக்கவும் ஆள் போதவில்லை. எங்களிடம் வருடக்கணக்காகக் குலை வெட்டிய அக்காமார்களில் பாதிப் பேர் இப்போது ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறார்கள். விடியற்காலையில் ஜீப் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கிக்குப் போய்விடுகிறது. அங்கே கூலி கூடுதல். போகாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. இருக்கிறவர்களுக்குக் கூலியை ஏற்றிக் கொடுத்திருக்கிறோம். கத்தரியைக் குலைக்காம்பில் வைத்து, பழத்தின் மேலிருக்கும் வெண்பூச்சில் விரல் படாமல் வெட்டத் தெரிந்தவர்களுக்கு அது நியாயமானதுதான்.

அதனால் விலை 220 ரூபாயிலிருந்து 260 ஆகிறது. பழைய அளவுப் பாட்டில் வருவது நின்றுவிட்டதால் இனி 650 மில்லி பாட்டில்.

"சந்தையில் திராட்சை விலை விழுகிறதே, நீங்கள் ஏன் ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிரப் பழம் லாரி லாரியாக இறங்கும் மாசி, பங்குனியில் இங்கே விலை விழுவது உண்மை. அது விவசாயிக்கு அடி, எங்களுக்கும் அடிதான், நாங்களும் விவசாயிகள்தானே. பழம் சும்மா கிடைத்தாலும் கூலி, பாட்டில், மூடி, கேஸ், பார்சல் எதுவும் இறங்குவதில்லை. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வந்தபோது எல்லோரும் "இனி உங்களுக்கு யோகம்தான்" என்றார்கள். பெயர் கிடைத்தது, சந்தோஷம். மழைக்கு அந்தக் குறியீட்டைக் காட்டி என்ன பயன்?

நன்றி சொல்லாமல் இந்த மடலை முடிக்க மாட்டோம். வீடியோ வந்த அன்றே "எங்களுக்கு நாலு பாட்டில் சேர்த்து அனுப்புங்க, ஊர் பேசினால் பேசட்டும்" என்று சொன்ன திண்டுக்கல் குடும்பத்துக்கு, குழுவிலேயே எங்களுக்காக வாதாடிய கோயம்புத்தூர் டீச்சர் அம்மாவுக்கு, காலிப் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, செய்தித்தாள் சுற்றிப் பேருந்து பார்சலில் திருப்பி அனுப்புகிற மதுரை அண்ணாச்சிக்கு, பெயர் சொல்லாமலே பணத்தைப் போட்டுவிட்டு "எப்போ முடியுதோ அப்போ அனுப்புங்க" என்று காத்திருக்கிறவர்களுக்கு எல்லாம் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நீங்கள் இல்லையென்றால் அப்பா எப்போதோ கொடியை வெட்டிவிட்டு வாழை வைத்திருப்பார். வாழையில் லாபம் என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

அடுத்த அறுப்பு சித்திரையில். மார்கழியில் கொடியைக் கவாத்து வெட்டினால் நாலு மாதக் கணக்கு. வெயிலில் பழுக்கிற பழம், இனிப்பும் நிறமும் இதைவிட நன்றாக இருக்கும். கேட்டுக் கிடைக்காதவர்களின் பெயர் பட்டியலில் இருக்கிறது, அவர்களுக்குத்தான் முதலில். ஜனவரி 15 முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் பிறந்தநாள். பள்ளத்தாக்கு முழுக்கப் பொங்கல் வைப்பார்கள், வேலைக்கு ஆள் வராது. அந்த வாரம் பார்சல் போகாது. உடைந்து வந்த பாட்டிலுக்குப் படம் எடுத்து அனுப்பினால் போதும், கேள்வி கேட்காமல் வேறு அனுப்புவோம். அடியில் மினுமினுப்பு இருந்தால் தயவுசெய்து வீசிவிடாதீர்கள், முதலில் எங்களைக் கூப்பிடுங்கள். இந்த அறுப்பின் சாற்றில் ஒரு பாட்டிலை ஆய்வகத்துக்கும் கொடுத்திருக்கிறோம். முடிவு வந்ததும் எல்லோருக்கும் அனுப்புகிறோம்.

அன்புடன்,
உங்கள் திராட்சைத் தோட்டத்துக் குடும்பம்,
கம்பம்