மீதியைப் பற்றி

அன்பு நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தள்ளிப்போனதற்குச் சோம்பல் காரணமில்லை, நீ கேட்ட கேள்விதான். பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்துவிட்டது, இன்னொரு வீடு வாங்கிப் போடுவதா, இல்லை ஊழியத்துக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை வங்கியில் போடுவதா என்று கேட்டிருந்தாய். அந்த 'மீதி' என்ற சொல்தான் என்னை விடாமல் உறுத்துகிறது.

முதல் சம்பளத்திலிருந்து நான் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை, தவறவிட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு என்பது உனக்குத் தெரியாததா! போன மாதம் பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டினேன். சம்பளம் ஏற ஏறக் காணிக்கையும் ஏறியிருக்கிறது, சரி. என் கையில் நின்ற ஒன்பது பங்கு? அதுவும் வருஷத்துக்கு வருஷம் பெருத்து, அத்தனையும் எங்கேயோ கரைந்திருக்கிறது. எங்கே என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டில் சாமான் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

தன்னிடம் இருந்த இரண்டே காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்ட ஏழை விதவையைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! பெட்டியில் விழுந்த தொகையை இயேசு பார்க்கவில்லை. போட்டபின் யார் கையில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தார். மாற்கு சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் படி. எனக்கே இது இந்த வயதில்தான் உறைத்தது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஒரு பிரசங்கத்தில் ஒருவருடைய வரவுசெலவைச் சொல்கிறார். அது அவருடைய சொந்தக் கணக்கேதான் என்று பலரும் சொல்வார்கள். முதல் வருஷம் 30 பவுண்டு வருமானம், 28இல் வாழ்ந்து 2 பவுண்டு கொடுத்தார். அடுத்த வருஷம் 60 வந்தது, அப்போதும் 28தான் செலவு, 32 கொடுத்தார். பிறகு 90 வந்தபோது 62, 120 வந்தபோது 92. வருமானம் நான்கு மடங்கானது, வாழ்க்கைச் செலவு அசையவில்லை. பணம் வந்தபின் 'போதும்' சொல்வது கஷ்டம், அவர் வருமுன்பே சொல்லிவைத்திருந்தார். நானோ ஒவ்வொரு உயர்வுக்கும் என் 'போதும்'ஐக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன்.

சேர்த்து வைப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. எகிப்தில் யோசேப்பும் ஏழு வருஷம் தானியம் சேர்த்தான், பஞ்சத்தில் ஜனங்கள் சாப்பிட. லூக்கா 12இல் வரும் அந்த ஐசுவரியவானும் களஞ்சியம்தான் கட்டப் பார்த்தான். ஆனால் அவன் பேச்சைக் கவனித்துப் பார்: என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா. கூடப் பேச ஒரு ஆள் இல்லை. 'பூரிப்பாயிரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான், பாவம். அதே சமயம் எல்லோருக்கும் ஒரே அளவும் இல்லை. பணக்கார வாலிபனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன இயேசு, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்ற வரி வசூலிப்பவனான சகேயுவிடம், மற்றப் பாதி எங்கே என்று கேட்கவில்லை. அதனால் உன் பணத்துக்கு நான் கணக்குப் போட மாட்டேன். அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று மட்டும் கேட்கிறேன். உங்கள் இருவருக்கும் இருக்கிற வீடே பெரிது என்று போன கடிதத்தில் நீதான் எழுதியிருந்தாய்.

நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசீல், உன் பெட்டியில் கிடக்கும் மேலங்கி உடையில்லாதவனுடையது என்று பிரசங்கித்தார். அதைப் படித்த சூட்டில் அலமாரியைத் திறந்து எண்ணினேன். 31 சட்டை! பதினைந்தை எடுத்துக் கட்டினேன். கட்டியபின் பார்த்தால் எல்லாம் காலர் நைந்தவை. என் வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். அவிழ்த்து, நல்லதாக மறுபடி பொறுக்கினேன்.

அவளுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, மெதுவாக ஆலயத்துக்கு நடந்து வருகிறாள். உன் மகள் வேலை என்னவாயிற்று? எழுது.

அப்புறம், என் மகன் வாங்கித் தந்த அந்த நீலச் சட்டையை உனக்கு ஞாபகம் இருக்கும். அது இன்னும் அலமாரியில்தான் தொங்குகிறது.

உன் பழைய நண்பன்