அண்ணாமலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன்

சேலம்,
ஆவணி 8

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த நான்கு படங்களும் நேற்று மாலை வந்து சேர்ந்தன. பணி ஓய்வுக்குப் பிறகு வாங்கிய கேமராவை நீ பீரோவில் பூட்டி வைக்காமல் ஆடி மாதக் காற்றில் ஏரிக்கரை வரை தூக்கிக்கொண்டு போயிருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. திருவண்ணாமலைக்குக் கிழக்கே மூன்று மாலைகள் காத்திருந்தும், சூரியன் சிகரத்துக்குப் பின்னால் இறங்காமல் வலப்புறம் வெகுவாக விலகி இறங்கிவிட்டது என்று வருத்தத்துடன் எழுதியிருக்கிறாய். படங்களைப் பார்த்தேன். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் தவறே இல்லை; மாதம்தான் பொருந்தவில்லை.

சூரியன் கிழக்கில் உதித்து மேற்கில் மறைகிறது என்று நாம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது, ஆண்டில் மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாட்களை ஒட்டி மட்டுமே முழு உண்மை. மற்ற நாட்களில் அது வடக்கிலோ தெற்கிலோ விலகியே இருக்கும். வடக்கைச் சுழியம் என்று வைத்து வலஞ்சுழியாக எண்ணினால் கிழக்கு 90 பாகை, தெற்கு 180, மேற்கு 270. திருவண்ணாமலையில் ஜூன் 21 அளவில் சூரியன் 66 பாகையில் எழுந்து 294 பாகையில் மறைகிறது. டிசம்பர் 21 அளவில் 114 பாகையில் எழுந்து 246 பாகையில் மறைகிறது. இரு எல்லைகளுக்கும் இடையே 48 பாகை. ஆடி நடுவில் நீ நின்ற நேரத்தில் அது சிகரத்தின் உயரத்துக்கு இறங்கியபோது ஏறத்தாழ 287 பாகையில் இருந்திருக்கும். சிகரம் உனக்கு நேர் மேற்கே இருந்தது என்றால் 17 பாகை வித்தியாசம். அதைத்தான் உன் படங்கள் காட்டுகின்றன.

நிலக்காட்சி எடுக்கிறவர்களுக்கு இடம் பார்க்கப் போகும் நாளும் படம் எடுக்கும் நாளும் பெரும்பாலும் வேறு வேறு. வெயில் கொளுத்தும் நண்பகலில் ஓரிடத்தில் நின்றுகொண்டு, மூன்று மாதம் கழித்து விடியற்காலையில் ஒளி எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு அந்த இடத்திலேயே விடை சொல்லும் எளிய கருவி திசைகாட்டி. எந்தத் திசைகாட்டி வாங்குவது என்று நீ கேட்டிருப்பதால் அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அடித்தட்டின் மேல் பாகைகள் குறித்த வளையம் சுழலும் வகையை வாங்கு. சாரணர் இயக்கத்துப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, அதுதான். முள் இருக்கும் கிண்ணத்தில் திரவம் நிரம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் முள் அலைபாயாமல் சில நொடிகளில் நிற்கும். வளையத்தில் இரண்டு பாகைக்கு ஒரு கோடு இருந்தால் போதும். சுற்றுலாத் தலங்களில் விற்கும் பித்தளைத் திசைகாட்டி மேசைக்கு அழகு. திரவம் இல்லாததால் அதன் முள் வெகுநேரம் ஆடிக்கொண்டே இருக்கும், அந்திக்குள் அளவு எடுத்து முடியாது. சாவிக்கொத்தில் தொங்கும் சின்னஞ்சிறு வகையில் பாகையையே படிக்க இயலாது. கண்ணாடி மூடி வைத்த விலை உயர்ந்த வகை நம் வேலைக்குத் தேவை இல்லை.

உன் மகள் ஆக்லாந்திலிருந்து வரும்போது ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். திசைகாட்டி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு. பூமியின் காந்த விசை தரைக்கு இணையாக மட்டும் இழுப்பதில்லை. துருவங்களை நெருங்க நெருங்க முள்ளின் ஒரு முனையைக் கீழ்நோக்கியும் இழுக்கிறது. நியூசிலாந்தில் தென்முனை கீழே சாயும் என்பதால், அங்கே விற்பதற்காகச் செய்த முள்ளின் வடமுனையில் எடை சேர்த்துச் சமன் செய்திருப்பார்கள். நாமோ காந்த நடுவரைக்கு, அதாவது முள் எந்தப் பக்கமும் சாயாத கோட்டுக்கு, பக்கத்தில் வாழ்கிறோம். அது இந்தியாவின் தென்கோடி வழியாகப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டிலிருந்து முதல் ராக்கெட்டை ஏவுவதற்குத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். இங்கே முள் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகவே நிற்கும். அங்கிருந்து வந்த முள் வடமுனை தாழ்ந்து, கிண்ணத்தின் அடியில் உராய்ந்து, பாதி வழியில் நின்றுவிடும். உலகம் முழுவதற்கும் பொருந்துமாறு செய்த வகைகளும் உண்டு, ஆனால் விலை அதிகம். நம் ஊர்க் கடையிலேயே கையில் எடுத்து, மட்டமாகப் பிடித்து, ஒரு முழுச் சுற்றுத் திரும்பிப் பார். முள் எங்கும் தொடாமல் மிதந்தபடி வடக்கிலேயே நின்றால் வாங்கலாம். கடைக்காரர் இரண்டு மூன்றைச் சேர்த்து மேசையில் வைத்தால் ஒன்றையொன்று இழுக்கும், தள்ளி வைத்துப் பார்க்கச் சொல்.

பயன்படுத்துவது எளிது. தட்டை மார்புக்கு நேரே மட்டமாகப் பிடித்து, அதிலுள்ள அம்பைச் சிகரத்தை நோக்கித் திருப்பு. பிறகு வளையத்தைச் சுழற்றி, கிண்ணத்தின் அடியில் வரைந்திருக்கும் வடக்குக் கூட்டுக்குள் முள்ளின் சிவப்பு முனை வந்து அடங்கும்படி செய். அம்பின் அடியில் வளையம் காட்டும் எண்தான் சிகரத்தின் திசைக்கோணம். எதிர்ப்பக்கமாகவும் இதையே செய்யலாம்: மார்கழிச் சூரியன் எங்கே மறையும் என்று தெரிய வேண்டுமானால், முதலில் வளையத்தை 246-ல் வைத்துக்கொண்டு, சிவப்பு முனை கூட்டுக்குள் வரும் வரை நீயே உடம்போடு திரும்பு, அம்பு காட்டும் இடத்தில் அன்று சூரியன் இருக்கும். முள் காட்டுவது காந்த வடக்கு, உண்மை வடக்கு அன்று. ஆனால் நம் பகுதியில் அந்த விலக்கம் மேற்கே ஓரிரு பாகைதான். நம் கை நடுங்குவதே அவ்வளவு இருக்கும். ஆக்லாந்தில் அது ஏறத்தாழ 20 பாகை என்பதால், உன் மகள் அங்கே இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் முற்றிலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இனி உன் ஏரிக்கரைக்கு வருகிறேன். மலையின் உயரம் 814 மீட்டர் என்றாலும், தரையிலிருந்து அது எழுவது 640 மீட்டர் அளவுக்குத்தான். சிகரத்திலிருந்து மூன்றரை கிலோமீட்டர் தொலைவில் நீ நிற்கிறாய் என்றால், அது உன் கண்ணுக்குத் தொடுவானத்திலிருந்து சுமார் 10 பாகை உயரத்தில் தெரியும். கையை நேராக நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் ஏறக்குறைய அதே 10 பாகை. அடிவானத்தின் மேல் முஷ்டியை வைத்தால் சிகரம் அதன் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். சூரியன் அந்த உயரத்துக்கு வருவது அது மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு. நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் அந்த முக்கால் மணியில் அதன் திசை இரண்டு மூன்று பாகைதான் மாறும், ஆனாலும் அதை விட்டுவிட முடியாது. இதையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டேன். சிகரம் உனக்குச் சரியாக 270 பாகையில் இருந்தால், சூரியன் அதன் பின்னால் இறங்கும் நாட்கள் ஆண்டில் இரண்டு: மார்ச் 26-ஐ ஒட்டி ஒன்று, செப்டம்பர் 17-ஐ ஒட்டி மற்றொன்று. செப்டம்பர் 17 என்பது புரட்டாசி பிறக்கும் நாள், மல்லிகா! இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. மாலை ஐந்தரை மணி அளவில் சூரியன் சிகரத்தைத் தொடும். அந்த மாதத்தில் பிற்பகல் இடிமேகம் திரளும் என்பதால் நான்கைந்து மாலைகளை ஒதுக்கி வை.

திசைகாட்டியிடம் அதற்கு மேல் துல்லியத்தை எதிர்பார்க்காதே. கையில் பிடித்து அளக்கும்போது இரண்டு பாகை பிழை வருவது இயல்பு. மூன்றரை கிலோமீட்டரில் அது 120 மீட்டர். சூரிய வட்டத்தின் அகலம் அரைப் பாகை, அதே தொலைவில் சுமார் 30 மீட்டர். ஆகவே திசைகாட்டி உன்னைக் கரையின் சரியான பகுதிக்குக் கொண்டு சேர்க்கும். கடைசி நூறு மீட்டரைச் சூரியனைப் பார்த்தபடி கரையோடு நடந்து நீதான் திருத்த வேண்டும். நெடுந்தொலைவு லென்ஸை மாட்டிக்கொண்டு வியூஃபைண்டர் துளை வழியாகச் சூரியனைப் பார்க்காதே, பின்பக்கத் திரையில் மட்டும் பார். இன்னொரு யோசனையும் உண்டு. 10 பாகை உயரத்தில் சூரியன் இன்னும் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். பத்து கிலோமீட்டர் விலகிப் போனால் சிகரம் நான்கு பாகைக்கும் கீழே தாழ்ந்துவிடும், சூரியன் சிவந்த பிறகே அதைத் தொடும். நாளும் செப்டம்பர் 20 அளவுக்கு நகரும். நான் உன் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

மார்கழிப் படமும் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். கிரிவலப் பாதையில் இந்திரன் முதல் ஈசானன் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள் இருப்பதால், அந்த 14 கிலோமீட்டர்ச் சுற்றே ஒரு பெரிய திசைகாட்டி வளையம் போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டி, சிகரத்தின் உயரத்தில் சூரியன் 243 பாகையில் இருக்கும். சிகரம் உனக்கு 243-ல் தெரிய வேண்டுமானால் நீ அதிலிருந்து 180-ஐக் கழித்து, மலைக்கு 63 பாகைத் திசையில் நிற்க வேண்டும். அதாவது கிழக்கிலிருந்து ஈசான்யம் போகும் பக்கம். கார்த்திகைப் பௌர்ணமிக்கோ நேர் எதிர்ப்புறம். முழுநிலா சூரியனுக்கு எதிரே எழுவதால், குளிர்கால நிலா ஆனிச் சூரியன் எழும் வடகிழக்கில் எழுகிறது. அதைச் சிகரத் தீபத்துக்குப் பின்னால் காண விரும்பினால் தென்மேற்கிலுள்ள நிருதி லிங்கத்துக்கும் மேற்கிலுள்ள வருண லிங்கத்துக்கும் இடைப்பட்ட திசையில், பாதையை விட்டு வெளியே தள்ளி நிற்க வேண்டும். நிலா சூரியனின் தடத்திலிருந்து ஐந்து பாகை வரை விலகக்கூடியது, நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாகவும் எழும்; அதனால் அந்தந்த ஆண்டின் கணக்கைக் கைபேசிச் செயலியில் வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்.

கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று உன் மருமகன் கேட்டாரல்லவா? எண்களைப் பார்க்கக் கைபேசி மிக நல்லது. ஆனால் அதன் திசைகாட்டியை எட்டுப் போலச் சுழற்றிச் சரிசெய்தாலும், உறையில் காந்தம் இருந்தால் பத்து இருபது பாகை தவறிப்போகிறது, தவறியது நமக்குத் தெரிவதும் இல்லை. முள்ளும் தவறும், ஆனால் அது கண்ணெதிரே ஆடிக் காட்டும். இங்கே கஞ்சமலையில் அதைப் பார்த்தேன். அந்த மலையில் காந்த இரும்புத் தாது நிறைந்திருக்கிறது. ஒரு கரிய பாறையின் மேல் தட்டை வைத்தபோது முள் மெல்லத் திரும்பி, வடக்கை விட்டுப் பாறையின் விளிம்பை நோக்கி நின்றது. பத்தடி தள்ளிப் போனதும் வேறு பக்கம் காட்டியது. அப்படிப்பட்ட இடத்தில் சூரியனையே திசைகாட்டியாகக் கொள்ள வேண்டியதுதான்.

அதைவிட எனக்கு வலித்த அனுபவம் ஏற்காட்டில். போன மார்கழியில் பகோடா முனையில் விடிவதற்கு முன் பனிமூட்டத்தில் நின்று, வளையத்தை 114-ல் வைத்து, முள் சொன்ன பக்கம் கேமராவைத் திருப்பி ட்ரைபாடை இறுக்கினேன். அரை மணி நேரம் கழித்து என் முதுகுப் பக்கம் வானம் சிவந்தது. இரண்டு மாதமாகத் திசைகாட்டியை வைத்திருந்த கைப்பையின் மூடியில் காந்தப் பொத்தான் இருந்தது. அது முள்ளின் துருவங்களையே தலைகீழாக்கிவிட்டது. ட்ரைபாடைத் திருப்பி நிறுத்துவதற்குள் பனிக்கு மேலே சூரியன் ஏறிவிட்டது. அன்று முதல் துணிச் சுருக்குப்பையில் தனியாக வைத்திருக்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்புமுன் மொட்டை மாடியில் நின்று முள் துருவ நட்சத்திரத்தின் பக்கம் காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். அளக்கும்போது கைபேசி, கார், இரும்பு வேலி, எஃகுச் சட்டமுள்ள மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் தள்ளி வை. தங்க வளையல் ஒன்றும் செய்யாது.

என் முழங்கால் இப்போது பரவாயில்லை. மருத்துவர் படி ஏற வேண்டாம் என்கிறார், ஏரிக்கரையில் நடக்கத் தடையில்லை. புரட்டாசி முதல் தேதிக்கு முந்தைய நாள் நான் பேருந்தில் திருவண்ணாமலை வந்துவிடுகிறேன், நீ வேலூரிலிருந்து வந்து சேர். அதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய். திசைகாட்டியை வாங்கியதும் ஒரு பகலில் அங்கே போய், நீ நின்ற இடத்திலிருந்து சிகரத்தின் திசைக்கோணத்தை மூன்று முறை அளந்து, மூன்று எண்களையும் எனக்கு எழுது. இந்த நாட்களில் சூரியன் மறையும் இடம் நாளொன்றுக்கு 0.4 பாகை தெற்கே நகர்கிறது. உன் எண் 268 என்று வந்தால் ஐந்து நாள் தள்ளிப் போக வேண்டும், 272 என்றால் ஐந்து நாள் முன்னதாகவே போக வேண்டும். எண் கிடைத்த பிறகே பேருந்துக்கு முன்பதிவு செய்வேன்.

அன்புடன்,
சாந்தா