எந்த வைரஸ் மூன்று மாதத்தில் ஒழியும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களைப் பற்றி, "ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் மூன்று மாத மாத்திரையில் குணமாகிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். சி, சரி. 12 வார மாத்திரையில் பெரும்பாலோருக்குத் தீர்ந்துவிடுகிறது. பி அப்படியா? உங்களுக்குத் தெரியாததா என்ன!

திங்கட்கிழமை காலை அந்தப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான் என் தம்பி. அம்மாவிடமிருந்து எங்கள் இருவருக்கும் வந்தது பி. "அண்ணே, பேப்பர்லயே போட்டிருக்கான். நான் ஆறு வருஷமா முழுங்கிட்டிருக்கேன்" என்றான்.

நான் ஆஃப்செட் மெஷின்மேனாக இருந்தவன். டாக்டர் சொன்னது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. இந்த வைரஸ் செல்லின் உட்கருவுக்குள் போய், நம் செல்லின் பழுதுபார்க்கும் நொதிகளை வைத்தே தன் டிஎன்ஏவை மூடிய வளையமாக முடித்துக்கொள்கிறது. அதுதான் அச்சு பிளேட். அதைப் பார்த்து ஆர்என்ஏ என்ற நகலை அடிப்பது நம் நொதி, புரதம் கோப்பது நம் ரைபோசோம். பேப்பர், மை, கரண்ட் எல்லாம் நம் செலவு. ஆர்என்ஏவை மறுபடி டிஎன்ஏ ஆக்கும் நொதி மட்டும் அதன் சொந்தச் சரக்கு. நாங்கள் விழுங்கும் டெனோஃபோவிர் மாத்திரை முடக்குவது அதைத்தான். பிளேட் உள்ளேயே கிடக்கிறது. சிலருக்கு மாத்திரையை நிறுத்தலாம். அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்லவேண்டும், ஞாயிறு இணைப்பு அல்ல.

முன்பு, கீழாநெல்லி பி-யைப் போக்கும் என்றும் எழுதினீர்கள். 1988இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது உண்மை. பிறகு மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்காததை மட்டும் விழுங்கிவிட்டீர்கள். அதை நம்பி மாத்திரையை விட்டவன் நான். நாலு மாதத்தில், 40ஐ ஒட்டி இருக்கவேண்டிய எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) 900ஐத் தாண்டியது. 12 நாள் வார்டில் கிடந்தேன். அப்போது நான் எழுதிய கடிதத்துக்கு உங்களிடம் இடமில்லை.

அதற்கும் முன்னால், "நோயாளிக்குத் தட்டு, டம்ளர் தனி" என்று ஒரு பெட்டிச் செய்தி. ரத்தத்தில் பரவுவது டம்ளரில் எங்கே பரவும்? என் டம்ளரின் அடியில் வீட்டார் வைத்த நெயில்பாலிஷ் பொட்டு இன்னும் போகவில்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, ஐயா. "பி-க்கு இது பொருந்தாது, டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று ஒரு வரி, வரும் ஞாயிறு, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். தம்பி மடித்து வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சகத் தொழிலாளி,
சிவகாசி