இரண்டு பென்னிக்கு ஒரு ஊர்

அன்புள்ள தம்பிக்கு,

"ஷெஃபீல்டுல ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா இருக்கேன், பாக்கறதுக்கு என்னக்கா இருக்கு?" என்று போன வாரம் ஃபோனில் கேட்டாய். 52ஆம் நம்பர் பஸ் என்றேன். நீ மறுபடி கேட்டாய், நான் மறுபடி அதையே சொன்னேன். நின்றுகொண்டே பேசி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். இங்கிலாந்தின் வடக்கில் இருக்கும் அந்த எஃகு ஊர்தான் நீ பிறந்த ஊர். நாலு வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு கோவைக்குத் திரும்பிவிட்டோம். எனக்கு அப்போது பதினாறு. எனக்குக் கிடைத்த ஊர் உனக்குக் கிடைக்காமல் போனது என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

அப்பா 1975ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அறுவை சிகிச்சை படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போனவர். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போன டாக்டர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் அதிகம் விரும்பாத துறைகள்தான் பெரும்பாலும் கிடைத்தன. அப்பாவுக்குக் கிடைத்தது முதியோர் மருத்துவம். அந்த ஏமாற்றத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. உலைக்கு முன்னால் நாற்பது வருஷம் நின்ற கிழவர்கள் சொன்ன கதைகளைத்தான் கொண்டுவந்தார். எஃகு உருக்கும் மண்குடுவைகள், இரவெல்லாம் இடிக்கும் சுத்தியல்கள், காது கேளாமல் போனவர்கள். கிழக்கே அட்டர்கிளிஃப் பக்கம் யேமனிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்து அதே உலைகளில் வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். துருப்பிடிக்காத எஃகை 1913ல் ஹாரி பிரியர்லி கண்டுபிடித்தது இந்த ஊரில்தான் என்று அப்பா சாப்பிடும்போது தட்டைத் தட்டிக் காட்டிச் சொல்வார். நம் வீட்டு எவர்சில்வர் தட்டுக்கு அது பூர்வீகம்.

நாம் இருந்தது க்ரூக்ஸ் என்ற மேட்டுப் பகுதியில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஷெஃபீல்டே மேடும் பள்ளமும்தான். ஏழு குன்றுகள், ஐந்து ஆறுகள் என்பார்கள். கடைக்குப் போனாலும் பள்ளிக்கூடம் போனாலும் ஒரு பக்கம் மூச்சு வாங்க ஏற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் பஸ் இல்லாவிட்டால் கிழவிகளும் பிள்ளைகளும் அவரவர் தெருவிலேயே அடைபட்டுக் கிடக்க வேண்டியதுதான்.

நாங்கள் அடைபட்டுக் கிடக்கவில்லை. பஸ்ஸில் பிள்ளைகளுக்கு டிக்கெட் இரண்டு பென்னி. பெரியவர்களுக்கே சில்லறைக் காசுதான். பாலாடை நிறமும் காப்பி நிறமும் அடித்த மாடி பஸ்கள். இரண்டு செம்புக் காசைப் போட்டுவிட்டு மேல்தளத்தில் முன் வரிசைக்கு ஓடுவோம். அங்கே உட்கார்ந்தால் ஊர் முழுக்க நமக்குக் கீழே இறங்கிப் போகும். எனக்குப் பத்து வயது ஆனதும் அம்மா என்னைத் தனியாக அனுப்ப ஆரம்பித்தார். இன்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. வேற்று நாட்டில், வேற்று மொழியில், ஒரு கோயம்புத்தூர்க்கார அம்மா பத்து வயதுப் பெண்ணை பஸ்ஸில் ஏற்றி "போய்ட்டு வா" என்று சொல்ல வேண்டுமென்றால் அந்த பஸ் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

அந்த மலிவு தானாக வந்ததில்லை. இதைத்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். தெற்கு யார்க்‌ஷயர் கவுன்டி கவுன்சில், அதாவது ஷெஃபீல்டும் சேர்ந்த அந்த வட்டாரத்தின் உள்ளாட்சி மன்றம், 1974ல் உருவானது. அடுத்த ஆண்டே பஸ் கட்டணத்தை இனி ஏற்றுவதில்லை என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். 1975ல் பிரிட்டனில் ஒரே வருஷத்தில் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ரொட்டி ஏறியது, நிலக்கரி ஏறியது, பஸ் டிக்கெட் மட்டும் அப்படியே நின்றது. குறைகிற பணத்தை ஊரார் கட்டும் சொத்து வரியிலிருந்து ஈடுகட்டினார்கள். ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் லண்டனில் இருந்த மத்திய அரசு இதை விரும்பவில்லை. 1981ல் லண்டன் மாநகரமே இதுபோலக் கட்டணத்தைக் குறைத்தபோது நாட்டின் உச்ச நீதி அமைப்பு அது செல்லாது என்று சொல்லிவிட்டது. தெற்கு யார்க்‌ஷயர் அப்போதும் பின்வாங்கவில்லை. மற்ற ஊர்களில் பஸ்ஸில் ஏறுகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே கூடியது. யாரோ சில பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பிள்ளைகளும் வயதானவர்களும் வீட்டை விட்டு வெளியே வரட்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். என் சிறுவயது சந்தோஷமாக இருந்ததற்கு அவர்களும் ஒரு காரணம். அவர்களுக்கு நான் நன்றி சொன்னதே இல்லை.

சரி, அந்த இரண்டு பென்னியில் எங்கே போனேன்? பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் வெஸ்டன் பார்க்கில் இறங்கினால் அருங்காட்சியகம். வாசலில் டிக்கெட் கிடையாது. உள்ளே பாடம் செய்த வெள்ளைக் கரடி ஒன்று நிற்கும், நீ அதைப் பார்த்தால் வீறிட்டு அழுவாய். கண்ணாடி வைத்த தேன்கூடு ஒன்றும் இருந்தது, தேனீக்கள் உள்ளே வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அப்புறம் ஊர் நடுவில் சர்ரி தெருவில் மத்திய நூலகம். 1934ல் கட்டியது, மேல்மாடியில் ஓவியக் கூடம். மழை நாட்களில் என் வீடே அதுதான். சனிக்கிழமை மாலைகளில் அந்த மாடியில் ஓவியங்களுக்கு நடுவே தனியாக நின்றிருக்கிறேன். யாரும் வந்து "உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டதில்லை.

காசில் ஸ்கொயரில் தரைக்குக் கீழே வட்டமாக ஒரு திறந்த வெளி இருந்தது. சாலைகள் மேலே சுற்றிப் போகும், மனிதர்கள் கீழே நடப்பார்கள். ஊரார் அதை 'ஹோல் இன் த ரோடு' என்பார்கள். அதன் சுவரில் பதித்த மீன் தொட்டி ஒன்று உண்டு. "அந்த மீன் தொட்டிகிட்ட" என்று சொன்னால் போதும், எல்லாரும் அங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். 1994ல் அந்தக் குழியை மூடிவிட்டார்கள், இப்போது மேலே டிராம் ஓடுகிறது. நீ அந்த இடத்தைத் தேடாதே.

உன்னை அங்கெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு போனது நானோ அம்மாவோ மட்டும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியும்தான். அந்தப் பாட்டி சிறுவயதில் ஸ்பூன், ஃபோர்க்குகளுக்கு மெருகு போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். 'பஃபர் கேர்ள்' என்பார்கள். தலையில் துணி, உடம்பைச் சுற்றிப் பழுப்புக் காகிதம், அப்படியும் முகமெல்லாம் கரி. 1940 டிசம்பரில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்ட இரவுகளில் நிலவறையில் உட்கார்ந்திருந்ததை என்னிடம் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கும் அவருக்கும் பேச அதிகம் வார்த்தை கிடையாது. ஆனால் அம்மா பிரசவம் முடிந்து வந்தபோது நம் அடுப்படியில் நின்றவர் அவர்தான். உன்னைத் தூக்கிக்கொண்டு காசில் மார்க்கெட்டுக்குப் போய் மீன் கடை, குடல் கடை என்று எல்லாக் கடைக்காரர்களிடமும் காட்டிவிட்டு வருவார். அந்தச் சந்தையையும் இடித்துவிட்டார்கள்.

எல்லாம் இனித்ததாகச் சொல்ல மாட்டேன். சுவர்களில் 'என்.எஃப்' என்று கிறுக்கியிருக்கும், நிறவெறிக் கட்சியின் எழுத்துகள். ஒருநாள் மேல்தளத்தில் பெரிய பையன்கள் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். மேட்டில் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்தார். அவர்களை இறக்கிவிட்டு, என்னைக் கீழே தன் பக்கத்து இருக்கைக்கு அழைத்துவந்து உட்கார வைத்தார். "ஆல் ரைட், லவ்?" என்று மட்டும் கேட்டார். மீசை வைத்த பெரிய மனிதர். அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, சொன்னால் பஸ் நின்றுபோகும் என்று பயம்.

ஊர் சரிந்ததையும் பஸ்ஸிலிருந்துதான் பார்த்தேன். 1980ல் எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூன்று மாதம் நடந்தது. அதற்குப் பிறகு கிழக்குப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு ஆலை குறைந்திருக்கும். என் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள். 1984ல் சுரங்கத் தொழிலாளர் போராட்டம். பக்கத்திலேயே ஆர்க்ரீவில் ஜூன் மாதம் போலீஸ் குதிரைகளோடு அவர்கள் மேல் பாய்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். கடைத்தெருவில் போராட்டக்காரர்களுக்காக மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு உண்டியல் குலுக்குவார்கள். வேலை இழந்தவர்களே அதில் காசு போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். யார்க்‌ஷயரில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். அம்மா சுத்த சைவம். எண்ணெயில் பொரிக்கும் கடை எது என்று தெருத்தெருவாக விசாரித்துக் கண்டுபிடித்தார். பாட்டி கொண்டுவந்து அறிமுகம் செய்தது ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ். 1885லிருந்து அந்த ஊரிலேயே தயாராகும் கறுப்புச் சாறு. ஊஸ்டர் சாஸ் மாதிரி இருக்கும், ஆனால் மீன் கிடையாது. அம்மா லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றுவிட்டார். டாமரிண்ட். புளி! அன்றிலிருந்து உருளைக்கிழங்குக்கு அது, சீஸ் ரொட்டிக்கு அது. ஊரிலிருந்து வந்த புளி தீர்ந்துபோன ஒரு நாள் ரசத்திலும் ஊற்றினார். அப்பா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

டான் ஆற்றங்கரைக்கும் போய்வா. ஆலைகள் ஓடிய காலத்தில் எஃகைக் குளிரவைத்த நீர் ஆற்றில் கலந்து, ஆறு எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. சாக்கடையோடு வந்த அத்திப் பழ விதைகள் அந்தச் சூட்டில் முளைத்து மரமாகிவிட்டன. இங்கிலாந்தின் வடக்கில், ஆலைச் சுவர்களுக்கு நடுவில் அத்தி மரங்கள்! பஸ்ஸிலிருந்து அந்த அகன்ற இலைகளைப் பார்த்திருக்கிறேன், என்ன மரம் என்று அப்போது தெரியாது. ஆலைகள் மூடியதும் ஆறு குளிர்ந்துவிட்டது, இனி அங்கே புது அத்தி முளைக்காது என்கிறார்கள். பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன.

1986 ஏப்ரல் 1ஆம் தேதி அந்தக் கவுன்டி கவுன்சிலையே பிரதமர் தாட்சரின் அரசு கலைத்துவிட்டது. அன்றே கட்டணம் பல மடங்கு ஏறியது. அக்டோபரில் பஸ்களைத் தனியாருக்குத் திறந்துவிட்டார்கள். ஒரே தெருவில் மூன்று கம்பெனி பஸ்கள் போட்டி போட்டு ஓடும், பக்கத்துத் தெருவில் ஒன்றும் வராது. பாட்டி மார்க்கெட் போவதைக் குறைத்துக்கொண்டார். என் தோழிகளில் சிலரை அதன் பிறகு சனிக்கிழமைகளில் பார்க்கவே முடியவில்லை. அடுத்த வருஷம் நாமும் கிளம்பினோம்.

இங்கே 2021ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தபோது, "இலவசமாக் குடுத்துக் கெடுக்கறாங்க" என்று நம் சொந்தக்காரர்களே பேசினார்கள். நான் சண்டை போட்டேன், உனக்கு நினைவிருக்கும். உக்கடத்தில் பூக்கூடையோடு ஏறும் அக்காக்களையும், டியூஷன் முடிந்து கூட்டமாக ஏறும் பெண்பிள்ளைகளையும் பார்க்கும்போது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது உனக்குப் புரியும். ஷெஃபீல்டிலும் பஸ்களைத் திரும்பப் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர முடிவு செய்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை இதைச் செய். ஊர் நடுவில் 52 ஏறு, வழித்தடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள். மேல்தளம், முன் வரிசை. க்ரூக்ஸில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போல் ஹில்ஸ் என்ற திறந்த மேடு வரும். கீழே ரிவலின் பள்ளத்தாக்கு, பழைய நீர்ச்சக்கரப் பட்டறைகளின் குளங்கள் மரங்களுக்குள் இருக்கும். 1981 டிசம்பர் பனியில் பஸ்கள் அடிவாரத்திலேயே நின்றுவிட, ஊரே நடந்து ஏறி வந்தது இந்த மேட்டுக்குத்தான். தேநீர்த் தட்டில் உட்கார்ந்து சறுக்கினோம். காற்று பலமாக அடிக்கும், காதை மூடிக்கொள். நம் வீட்டுக் கதவு எண்ணைத் தனியாக அனுப்புகிறேன். யாராவது இருந்தால் கதவைத் தட்டு, அந்த ஊரில் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ரெலிஷ் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதே, விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டாலும் கொள்வார்கள். துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வை. அம்மாவுக்கு இரண்டு, எனக்கு ஒன்று.

அன்புடன்,
அக்கா