ஸ்டூடன்ட்ஸ் ஹோம் பழைய மாணவர்கள்: ஞாயிறு கூடுறோம்

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு காலைல 10 மணிக்கு மயிலாப்பூர் ராமகிருஷ்ணா மிஷன் ஸ்டூடன்ட்ஸ் ஹோம்ல கூடுறோம். 1905ல ராமகிருஷ்ணரோட நேர் சீடர் சசி மகராஜ் (சுவாமி ராமகிருஷ்ணானந்தர்) ஆசியோட 7 பசங்கள வச்சு ஆரம்பிச்ச இடம், பீஸ் வாங்காம சோறு போட்டு படிக்க வச்சு நம்மள ஆளாக்கின இடம், அதோட கதைய இப்பவே எழுதி வைக்கலேன்னா பெரியண்ணன்மார் சொல்றதெல்லாம் அவங்களோடயே போயிடும்.

1. பழைய போட்டோ இருந்தா பின்னாடி பென்சில்ல வருஷம், பேர் எழுதி கொண்டு வாங்க, ஸ்கேன் பண்ணிட்டு அங்கேயே திருப்பிக் குடுத்துடுவோம்.
2. விடியக்காலை பிரார்த்தனை, முறை போட்டு கூட்டிப் பெருக்கினது, பந்தில சாம்பார் வாளி தூக்கினது, எதுவா இருந்தாலும் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, சின்ன விஷயம்னு விட்றாதீங்க.
3. மதிய சாப்பாடு இப்ப இருக்கற பசங்களோட உக்காந்துதான். எத்தனை பேருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, அரிசிக் கணக்கு போடணும்.

வர முடியாதவங்களும் ஒரு வரி ரிப்ளை போடுங்க.